ஐஸ்காரர் அழைக்கிறார்

ஜூலை 8, செவ்வாய்

மேற்கில் இருந்து கச்சான் காற்று. முற்றத்தில் மணல், பாயில் மணல், மத்தியானச் சோற்றிலும் மணல். காலையில் கப்பல் ரிக்கற் வந்தது. சனிக்கிழமை, காங்கேசன்துறையில் இருந்து நாகபட்டினம். அம்மாவும் நானும். அப்பா வரவில்லை. மூன்று பேரும் போனால் ஊரை விட்டு ஓடுகிறோம் என்று எழுதிக்கொள்வார்களாம். ஆகவே அப்பா பிணை.

இந்தக் கொப்பியின் மட்டையில் ‘உயிரியல் – செய்முறை’ என்று போட்டிருக்கிறேன். திறக்கிறவர் முதல் நாலு பக்கமும் தவளையின் குடலைப் பார்க்கட்டும்.

ரிக்கற் காலையில் வந்தது, மத்தியானம் க.பி. வந்தார். க.பி. என்றால் கரண்ட் பில். மாதம் ஒருதரம், சாதாரண உடுப்பில், மோட்டார்சைக்கிளில் அண்ணாவைப் பற்றிக் கேட்க வருகிற புலனாய்வுக்காரருக்கு நான் வைத்த பெயர். சொந்தப் பெயரை அவர் சொன்னதில்லை. இந்த மாதம் ஏற்கனவே வந்துபோய்விட்டார். இது மேலதிக பில்.

பிளேன்ரீ. வழமையான கேள்விகள். எதற்கு வேளாங்கண்ணி, எத்தனை நாள், யார் வீட்டில் தங்கல். நேர்த்திக்கடன் என்றார் அம்மா. கடைசியில் வழமையான கடைசிக் கேள்வி.

“மகன் கதைக்கிறவரோ?”

“இல்லை ஐயா. ஒரு தொடர்பும் இல்லை.”

ஆறு வருடமாக இதே பதில். மாதா சுரூபத்துக்கு முன்னால் இருந்து சொல்வார். ஆள் போனபிறகு மாதாவிடம் மன்னிப்புக் கேட்பார்.

சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. கதிரைக் கையில் கிடந்த போன், க.பி.க்கு ஒரு முழம் தள்ளி, முகம் மேலே. ‘ஐஸ்காரர்’ என்று மின்னியது.

ஐஸ்காரர் என்றால் அண்ணா. மீன் பிடிக்கிற வீட்டில் யாரும் சந்தேகப்படாத பெயர் என்று நான்தான் போட்டுக் கொடுத்தேன். நானே எடுத்தேன். இண்டைக்கு மீன் படேல்லை அண்ணை, ஐஸ் வேண்டாம் என்று சொல்லி வைத்தேன். பாவம், பிரான்சில் பனிக்காலம் பனிக்காலமாக நடுங்கினவனிடம் ஐஸ் வேண்டாம் என்றிருக்கிறேன்.

க.பி. சிரித்தார். அவருடைய தமிழ் என்னுடையதைவிட மரியாதை. “துறைமுகத்தில இப்ப போனும் பாக்கினம் அம்மா. படம், மெசேஜ், எல்லாம். ஒண்டும் இல்லாட்டிப் பயமில்லைத்தானே.”

தேத்தண்ணீர்க் கோப்பையை அவரே குசினி வாசல்வரை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

ஜூலை 9, புதன்

காற்று அப்படியே. உயிரியல் வகுப்பு, போகவில்லை.

தலைக்குள் எல்லாம் சுற்றுகிறது, எழுதினால் நிற்கும். அண்ணா பெயர் அன்ரன். ஆறு வருடத்துக்கு முன், சண்டையில் செத்தவர்களுக்காகக் கடற்கரையில் விளக்கேற்றிய படமொன்றைத் தன் போனில் இருந்து போட்டான். இரண்டுதரம் கூப்பிட்டு விசாரித்தார்கள். போனை வாங்கி, அதில் இருந்த ஒவ்வொரு பெயரையும் யார் யார் என்று கேட்டார்கள். மூன்றாம்தரம் கூப்பிட்டபோது ஆள் நாட்டில் இல்லை. இப்போது பிரான்சில் அகதிக் கடுதாசி. அதை வைத்துக்கொண்டு இந்த நாட்டுக்கு மட்டும் வர ஏலாது. இந்தியாவுக்கு வரலாம். எனவே ஞாயிற்றுக்கிழமை காலை, வேளாங்கண்ணிக் கோயில் வாசல். நேர்த்தி உண்மை. மெழுகுதிரி உண்மை. வாசலில் நிற்கப்போகிறவனைத்தான் நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை.

அம்மாவின் போனுக்குள் இருப்பவை:
– அண்ணாவின் படங்கள், பனியில் நின்றபடி. தொப்பியோடு கரடி மாதிரி.
– அண்ணாவின் விமான ரிக்கற் படம்.
– அண்ணாவின் குரல் செய்திகள். ஆறு வருடத்தினது. எண்ணத் தொடங்கி அறுநூறோடு விட்டேன்.
– சின்னம்மா அனுப்பிய காலை வணக்கப் பூக்கள். இவற்றுக்கும் ஏதாவது சட்டம் இருந்தால் நல்லது.

தொடர்பே இல்லை என்று அம்மா இரண்டுதரம் கையெழுத்தும் வைத்துக் கொடுத்திருக்கிறார். துறைமுகத்தில் ஒரு செய்தி பிடிபட்டாலும் கப்பல் இல்லை, அண்ணா இல்லை, பிறகு அம்மாவுக்கு என்ன நடக்கும் என்றும் தெரியாது.

போனை வீட்டில் விட்டுப் போகலாமா? ஏன் போன் இல்லை என்பார்கள். புதுப் போன்? ஏன் புதிது என்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ‘ஏன்’ நிற்கிறது.

அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: “தாட்டுவிடு.”

சண்டைக்குள் ஓடும்போது எல்லாரும் அப்படித்தானாம். தையல் மெசின், தாலிக்கொடி, கலியாண அல்பம், எல்லாவற்றையும் கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். திரும்பி வந்து கிண்டியபோது மெசின் வந்தது. அல்பம் களியாக வந்தது. ஊர் முழுக்க போனுக்குக் கைரேகை வைக்கிறது, அப்பாவின் பாஸ்வேர்ட் மட்டும் மண்வெட்டி.

சிரித்தேன். பிறகு யோசித்தேன். மெமரி காட் நகத்தளவுதான்.

ஜூலை 10, வியாழன்

குரல்கள் எல்லாவற்றையும் மெமரி காட்டுக்கு ஏற்றினேன். பிரிக்க நேரமில்லை, சின்னம்மாவுடையதும் கலந்துதான். காட்டைப் பொலித்தீனில் சுற்றி, மெழுகு உருக்கி ஊற்றி, ஜாம் போத்தலுக்குள். போத்தல் கோழிக்கூட்டுக்குக் கீழே. கோழிகள் காவல். அப்பா வெட்டினார், நான் வைத்தேன். அம்மா மூடியை இரண்டுதரம் இறுக்கிப் பார்த்தார். அல்பம் ஞாபகம் என்று நினைக்கிறேன்.

பிறகு போனில் அழிக்க வேண்டும். அம்மா தானே செய்வேன் என்று வாங்கினார். அரை மணித்தியாலமாகத் தட்டவில்லை. ஒன்றைப் போட்டுக் கேட்டார். நானும் கேட்டேன். “அம்மா, சோறு காய்ச்சிட்டன். இண்டைக்கும் கறி உங்கட மாதிரி வரேல்லை. புளி எப்ப விடுறது, முதலோ பிறகோ?” அவ்வளவுதான். மூன்று வருடத்துக்கு முந்தியது. அம்மா இன்றைக்கும் “பிறகு” என்று பதில் சொன்னார்.

“இந்த ஒண்டை மட்டும் விடேலாதோ பிள்ளை?”

நான் இல்லை என்றேன். ‘இல்லை’ எங்கள் வீட்டுத் தொழில்.

நான்தான் அழித்தேன். அண்ணாவின் இலக்கம் இப்போது இந்தக் கொப்பியில், தவளையின் நாடித்துடிப்பு வாசிப்புகளாக. தவளைக்குக் கடும் காய்ச்சல்.

ஜூலை 11, வெள்ளி

பயணப் பை கட்டல். அம்மாவின் நல்ல சேலை, மெழுகுதிரி, அண்ணாவுக்கு இறால் கருவாடு (கேட்டால் கோயிலுக்காம்).

விடிய எழும்பிப் போனைப் பார்த்தேன். நேற்றுப் பிறந்த குழந்தை மாதிரி இருக்கிறது. ஒரு படம் இல்லை, ஒரு கதை இல்லை. ஐம்பத்தொன்பது வயது மனுசிக்கு இப்படி ஒரு போன் இருக்குமா? துடைத்த இடம்தான் முதலில் கண்ணில் படும்.

ஆகவே அம்மாவுக்கு ஒரு வாழ்க்கை செய்தேன். நாயாற்றுக் கடனீரேரி, மூன்று கோணத்தில். கோழி. கோழி மறுபடி. பங்குத் தந்தையின் பிறந்தநாள் கேக். சின்னம்மாவோடு சாப்பிட்டாச்சா சாப்பிட்டாச்சு என்று ஒரு மணித்தியாலம். பார்க்கிறவர் பாதியில் நித்திரையாக வேண்டும்.

ஐஸ்காரர்தான் பிரச்சினை. க.பி. அந்தப் பெயரைக் கண்டுவிட்டார். அது போனில் இல்லாவிட்டால் எங்கே என்று கேட்பார்கள். உண்மையான ஐஸ்காரரிடம் கேட்கப் பயம், அவர் ஊர் முழுக்க ஐஸோடு சேர்த்து அதையும் இறக்குவார். எனவே சுஜி. என் வகுப்பு, என் உயிர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அவளுடைய இலக்கத்தை ‘ஐஸ்காரர்’ என்று போட்டு, ஐஸ் வேண்டும், வேண்டாம், உருகிவிட்டது என்று இருபது செய்தி. யாரும் அழைத்தால் ‘ஐஸ் வாடி’ (ஐஸ் விற்கிற கொட்டில்) என்று சொல்லு என்றேன். ஏன் என்று கேட்டாள். சொல்லாமல் விடமாட்டேன் என்றாள். அண்ணாவைப் பார்க்கப் போவதைச் சொன்னேன். வெளியில் சொன்ன ஒரே ஆள் அவள்.

“எடியே, நீயே குரல் மாத்திப் போன் எடுத்து என்னைச் சோதிச்சியெண்டால் கொல்லுவன்” என்றாள். நியாயம். போன மாதம் பங்குத் தந்தையின் குரலில் போன் எடுத்து, பாவசங்கீர்த்தனத்துக்கு உடனே வா என்றேன். உண்மையாகவே போய் நின்றாள். அதற்கு முதல் அதிபர், அதற்கு முதல் மின்சார சபைப் பெண். இனி ஒருக்காலும் ஏமாறமாட்டேன் என்று அன்றைக்கே சத்தியம் பண்ணிவிட்டாள்.

ஜூலை 12, சனி

காங்கேசன்துறை. காத்திருக்க ஒரு நீள வாங்கு. மின்விசிறி சுற்றுகிறது, காற்று இல்லை.

10.20. பை பார்த்தார்கள். கருவாட்டை மணந்து பார்த்தார்கள். மெழுகுதிரியை வளைத்துப் பார்த்தார்கள். இந்தக் கொப்பியைத் திறந்த பெடியன் தவளையைக் கண்டு மூடினான்.

10.45. எல்லாரையும் விடுகிறார்கள். எங்களை மட்டும் பக்கத்து அறைக்கு. ஒரு பெண் அதிகாரி. மெல்லிய குரல், பாடப்புத்தகத் தமிழ். அம்மாவின் போனைக் கேட்டார். அம்மாவின் விரலையும் கேட்டார். கொடுத்தோம். வேறு என்ன செய்வது?

11.30. நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

கோழியைப் பார்த்தார். கேக்கைப் பார்த்தார். கொட்டாவி விட்டார். நான் உள்ளுக்குள் கை தட்டினேன். பிறகு மேசையில் கிடந்த ஒரு கடுதாசித் துண்டைப் பார்த்துவிட்டு, ஐஸ்காரர் யார் என்று கேட்டார். துண்டில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாது. செவ்வாய்க்கிழமை எங்கள் கதிரையில் இருந்தவரின் கையெழுத்தாக இருக்கலாம். அம்மா, ஐஸ் போடுகிறவர் என்றார். அதிகாரி தலையாட்டினார். அம்மாவின் போனில் இருந்தே அழைத்தார். சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார்.

“வணக்கம். நீங்கள் யார் பேசுகிறீர்கள்?”

சுஜியின் போனில் அம்மாவின் இலக்கம். ஒரு பெண்ணின் மெல்லிய குரல். பாடப்புத்தகத் தமிழ். மின்சார சபைப் பெண்ணுக்கு நான் போட்ட அதே குரல்.

“எடியே, காணும் உன்ர விளையாட்டு. இந்தமுறை ஏமாறமாட்டன். கப்பல் ஏறீட்டியோ? அன்ரன் அண்ணா அங்க வந்திட்டாராமோ, அதைச் சொல்லு.”

நான் வாயைத் திறந்தேன். அதிகாரி ஒரு விரலைத் தூக்கினார். சுஜி சிரித்துக்கொண்டே இருந்தாள். அங்கால் இருந்து இன்னும் என்னை ஏசினாள். கடைசியில்தான் விளங்கி, போனை வைத்தாள்.

12.40. அம்மா உள்ளே. நான் வெளியே. போனில் வயர் கொழுவி ஒரு மெசின் பெட்டியோடு சேர்த்திருக்கிறார்கள். அழித்தது எல்லாம் எழும்பி வருமோ? யாரைக் கேட்பது?

1.50. கப்பல் ஊதியது. கண்ணாடிக்குள்ளால் தெரிகிறது. வெள்ளையாக, மெதுவாக. எங்கள் இரண்டு இருக்கையும் போகின்றன.

3.15. அம்மாவை விட்டார்கள். பாஸ்போட் தந்தார்கள், போன் தந்தார்கள், தண்ணீர்ப் போத்தலும் தந்தார்கள். விசாரணைக்குக் கடிதம் வருமாம். கப்பல் போனபிறகு எல்லாமே தருகிறார்கள்.

ஜூலை 13, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. அண்ணா இப்போது வாசலில் நிற்பான். அப்பா நேற்றே தன் போனில் சொல்லிவிட்டார். உங்களுக்கும் சேர்த்து மெழுகுதிரி கொளுத்திவிடுகிறேன் என்றானாம்.

சுஜி நாற்பது செய்தி. பிறகு சைக்கிளில் வந்து படலையில் நின்று அழுதாள். எந்த வாயால் திட்டுவது? என் குரலை நம்பாதே என்று அவளுக்குப் படிப்பித்தது யார்?

அம்மாவுக்கு முன்னால் போய் நின்றேன். நேற்று முழுக்கச் சொல்ல நினைத்ததை, எல்லாம் என் பிழை என்று, சொல்லத் தொடங்கினேன். அம்மா கேட்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கோழிக்கூட்டுக்குப் போனார். அப்பா ஓடிப்போய் வாங்கினார். போத்தல் வந்தது. மெழுகு உடையவில்லை. களியாகவில்லை.

மெமரி காட்டைப் போனில் போட்டு, சத்தத்தைக் கூட்டி, முற்றத்தில் வைத்துக் கேட்டார். ஆறு வருடமாக அலுமாரிக்குப் பின்னால், காதோடு காதாகக் கேட்டது. றோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணா புளியைப் பற்றிக் கேட்டான். பிறகு சின்னம்மா வந்து சூடை மீன் விலையைச் சொன்னார். பிறகு மறுபடி அண்ணா, குளிர் என்றான். மத்தியானம்வரை.

“மாசம் மாசம் இல்லையெண்டு சொல்லிச் சொல்லி நானே அவனைச் சாக்காட்டினன்” என்றார் அம்மா. என்னிடமா, கோழிகளிடமா தெரியாது.

பிறகு என்னைக் கூப்பிட்டு, தவளை இலக்கத்தை வாசிக்கச் சொன்னார். போனில் போட்டார். என்ன பெயர் போட என்று கேட்டேன். என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, நான் கேட்டிருக்கத் தேவையில்லை.

ஜூலை 15, செவ்வாய்

காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. அப்பா கடலுக்குப் போகவில்லை.

காலை பத்து மணிக்கு க.பி. வந்தார். கடிதம். வியாழக்கிழமை விசாரணைக்கு வவுனியாவுக்கு வர வேண்டும், அம்மா, போனோடு. பாஸ்போட்டையும் கொண்டுவரட்டாம். அதுவும் போனால் இனி வேளாங்கண்ணி படத்தில்தான். கதிரையில் இருந்தார். நான் பிளேன்ரீ வைத்தேன், சீனி போட மறந்து. குடித்தார், முகம் மாறவில்லை. சுஜியின் முழுப்பெயரைக் கேட்டார். நான் தவளையைப் போல விழித்தேன். எழுதிக்கொண்டார், அவருக்கு முதலே தெரிந்திருக்கிறது.

பிறகு, எல்லாம் தெரிந்துகொண்டும், அதே மரியாதையோடு, கடைசிக் கேள்வி. மகன் கதைக்கிறவரோ?

அம்மா க.பி.யைப் பார்த்தார். மாதாவைப் பார்க்கவில்லை. போன் கதிரைக் கையில், முகம் மேலே, அதே இடத்தில்.

அடித்தது. ‘அன்ரன்’ என்று மின்னியது.

நான் கையை நீட்டினேன், பழக்கம். அம்மா என் கையைத் தட்டிவிட்டுத் தானே எடுத்தார்.

“ஓம் மோனை, சொல்லு. இஞ்ச ஆக்கள் இருக்கினம். நீ கதை.”