நீ அனுப்பிய சட்டையும் என் முதுகும்

அன்பு வாலுவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், என் முதுகு மட்டும் இப்போதுதான் நலமாகிக்கொண்டிருக்கிறது. அங்கே குளிர் எப்படி, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா. இதைப் போனில் சொல்லியிருக்கலாம், பாதி கேட்டதுமே நீ டிக்கெட் பார்க்க ஆரம்பித்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டுப் பதறு.

எல்லாம் நீ பிறந்தநாளுக்கு அனுப்பிய சட்டையால் வந்தது. கடல்நீலம், நல்ல துணி. ஆசையாகப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன், முன்பக்கம் தொளதொளவென்று தொங்குகிறது, பின்பக்கம் பெல்ட்டுக்கு மேலே ஏறி நிற்கிறது. ரெடிமேட் என்றாலே இப்படித்தான் என்று கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன். அம்மா சட்டையை விட்டுவிட்டு என் முதுகையே பார்த்தாள். தையல்காரி சட்டையை விட்டு ஆளைப் பார்த்தால் ஏதோ இருக்கிறது. பீரோவைத் திறந்து, அவள் தைத்த என் சட்டைகளையெல்லாம் எடுத்துக் கட்டிலில் பரப்பினாள், பழசிலிருந்து புதுசு வரை, முதுகு மேலே தெரிய. கழுத்துப் பட்டை எல்லாம் ஒரே கோட்டில். அடி விளிம்பு மட்டும் சறுக்குமரம் மாதிரி இறங்கிக்கொண்டே போனது. ஒவ்வொரு தடவையும் புதிதாக அளவெடுப்பாள் அல்லவா, அப்போதெல்லாம் முதுகுப் பக்கத்தைக் கொஞ்சம் கூட்டி, முன்பக்கத்தைக் கொஞ்சம் குறைத்து வெட்டியிருக்கிறாள். சட்டை என் மேல் நேராக விழ வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. விழுந்தது. அதனால் நான் நேராக இருக்கிறேன் என்று இரண்டு பேரும் நம்பிக்கொண்டிருந்தோம். டேப் பிடிச்ச கைக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியல என்றாள். நீ வளர்ந்ததைக் கதவு நிலையில் கோடு போட்டுப் பார்த்தோம். நான் வளைந்ததைத் துணியில் வெட்டி வைத்திருக்கிறாள்.

பிறகு என்னைச் சுவரோடு நிறுத்தினாள். குதிகால், இடுப்பு, முதுகு எல்லாம் தொட்டது, பின்மண்டை தொடவில்லை. மண்டைக்கும் சுவருக்கும் நடுவே அவள் கை முழுதாகப் போய் வந்தது. அப்போதுதான் பயந்தேன். தோள்பட்டைகளுக்கு நடுவே சாயங்காலமானால் ஓர் எரிச்சல் வரும், பட்டறையில் நாள் முழுக்க மெழுகில் பல் வரிசை வைக்கிறவனுக்கு இதுகூட இல்லாமலா என்று விட்டிருந்தேன். பல் செட் வேலை உனக்குத் தெரியும், மூக்கு மேசையைத் தொட்டால்தான் பல் நேராக நிற்கும். எலும்பு நொறுங்குகிறது என்று சொல்லிவிட்டால் மேசையை விட்டு எழுந்துவிட வேண்டியதுதான். அதற்கப்புறம் நான் யார். நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து அம்மாவுக்குக் கத்தரிக்கோல் பிடிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பேன், அவள் கதி என்ன.

கைரோபிராக்டர் என்று ஒரு பெண் இருக்கிறாள், உன் வயதுதான் இருக்கும், முதுகெலும்பின் மூட்டுகளைக் கையாலேயே அழுத்தி இளக்கிவிடுகிறவள். போனதும் மளுக்கென்று ஒடித்து நிமிர்த்தி அனுப்பிவிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு குப்புறப் படுத்தேன். தொடவே இல்லை. எழுந்திரிங்க சார், படம் பார்க்காம உங்க முதுகுல கை வைக்க மாட்டேன், எலும்பு சன்னமா இருந்தா நான் அழுத்துறதே உடைச்சிடும் என்றாள். அந்தப் பேச்சிலேயே அம்மாவுக்கு அவளைப் பிடித்துப்போனது. பக்கவாட்டில் எக்ஸ்ரே, எலும்பு உறுதிக்கு ஒரு சோதனை. முடிவு வருவதற்குள், பயத்தில், பட்டறையில் ஒருவருடைய செட்டில் மேல்வரிசைப் பல்லைக் கீழ்வரிசையில் வைத்துவிட்டேன், யாரிடமும் சொல்லாதே.

எலும்பு உறுதியாகத்தான் இருக்கிறது. மேல்முதுகில் எல்லோருக்கும் ஒரு வளைவு உண்டாம், இருக்கவும் வேண்டுமாம், நாற்பத்தைந்து டிகிரி தாண்டினால்தான் அதிகம் என்பார்களாம். எனக்கு ஐம்பத்திரண்டு. ஓர் எலும்பு மட்டும் முன்பக்கம் ஒடுங்கி ஆப்பு மாதிரி இருக்கிறது, ஒரு பக்கம் தேய்ந்த கடைவாய்ப் பல் என்று வைத்துக்கொள். அதை எந்தக் கையாலும் நிமிர்த்த முடியாது, யாராவது முடியும்னு சொன்னா நம்பாதீங்க என்று அவளே சொல்லிவிட்டாள். மிச்சமெல்லாம் இறுகிப்போன மூட்டும் சோம்பேறித் தசையும். மூட்டை அவள் மெதுவாக இளக்குகிறாள், எரிச்சல் குறைகிறது, தசைக்கு நான்தான் பயிற்சி செய்ய வேண்டும். கால் மரத்துப்போனாலோ மூச்சு வாங்கினாலோ தன்னிடம் வராமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறாள். இரண்டும் இல்லை, டிக்கெட் பக்கத்தை மூடு. பட்டறையில் என் மேசையைக் கட்டை வைத்து நெஞ்சு உயரத்துக்கு ஏற்றியாகிவிட்டது, பாலிஷ் போடுகிறவன் என்ன சார், பிரசங்கம் பண்ணப் போறீங்களா என்கிறான். கூன் என்ற சொல்லை அம்மா வீட்டில் தடைசெய்துவிட்டாள், வளைவு என்றுதான் சொல்ல வேண்டும்.

உன் சட்டையைப் பிரித்துப் பின்னால் ஒட்டுப் போட்டுத் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். வாய்க்குத் தகுந்தபடி செட்டைத் தேய்ப்பதுதான் என் தொழில், அவள் தொழிலும் அதேதான், தப்பில்லை. ஆனால் இந்த வீட்டில் ஏதாவது ஒன்று என்னோடு சேர்ந்து வளையாமல் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டுப் பார்க்கிறேன். பின்பக்கம் இன்னும் ஏறித்தான் நிற்கிறது, ஆனால் இப்போது பெல்ட் மறைகிறது.

நேற்று புதுச் சட்டைக்கு அளவெடுத்தாள். மூச்சை இழுத்து நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். நடிக்காதீங்க, எப்பவும் போல நில்லுங்க என்று முதுகில் ஒரு தட்டு. நின்றேன். கழுத்திலிருந்து டேப்பை இறக்கினாள். மறுபடி ஒரு தடவை இறக்கினாள். பழைய சட்டையை எடுத்து விரித்து அதன் மேலும் வைத்துப் பார்த்தாள். பிறகு சாக்பீஸை எடுத்தவள், இந்தத் தடவை முதுகுப் பக்கத்தைக் கூட்டாமல் கோடு போட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். எப்போதும் நல்லபடியாக இரு, தலை நிமிர்ந்து இரு, அதை இப்போது உரிமையோடு சொல்கிறேன். மறக்காமல் உன் படம் ஒன்று அனுப்பு. முன்னால் நின்று சிரிப்பது வேண்டாம், அது எங்களிடம் நிறைய இருக்கிறது. பக்கவாட்டில் நின்று எடுத்து அனுப்பு, அம்மா பார்க்க வேண்டுமாம்.

உயர்த்திய மேசை முன் நின்றுகொண்டே எழுதும்,
உன் அப்பா