மதியக் கதவுக்கான காணிக்கை

அன்பான தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் செய்தால் "சரிக்கா, வைக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதமென்றால் கடைசிவரை படித்துத்தானே ஆக வேண்டும்?

முதலில் ஒரு கேள்வி. நம் சபைக் காணிக்கைப் பெட்டியில் யாரையாவது விட்டுப் பெயரில்லாமல் பணம் போடச் சொன்னாயா? நீயாக இருக்காது என்று இப்போது தெரியும். ஆனால் நாலு மாதமாக இந்தக் கேள்வி என் மண்டையைக் குடைந்து எடுத்துவிட்டது. ஆரம்பத்தில் உன்மேல்கூட சந்தேகப்பட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

இந்த வருடம் என்னைச் சபைக்குப் பொருளாளராக்கிவிட்டார்கள். தலை சொறியக் கையைத் தூக்கினேன், பதவி வந்து விழுந்தது என்று உன் அத்தான் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார். ஆராதனை முடிந்ததும் நானும் பல் டாக்டரம்மாவும் உட்கார்ந்து எண்ணுவோம். சொந்தக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து எண்ணக் கூடாது. யார் என்ன போட்டார்கள் என்று வீட்டில்கூட மூச்சு விடக் கூடாது. அப்படியே செய்வேன் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். போயும் போயும் என்னிடம் வாயைக் கட்டச் சொன்னார்கள் பார்!

முதல் மாதமே ஒரு கவர் வந்தது. உள்ளே பணம், கூடவே கம்ப்யூட்டர் கடையில் அடித்த ஒரு துண்டுச் சீட்டு. வார நாட்களில் மதியம் கோயில் கதவைத் திறந்து வைக்க மட்டும் என்று இருந்தது. ஞாயிறு தவிர நம் கோயில் பூட்டித்தான் கிடக்கும், உனக்கே தெரியும். டாக்டரம்மா நோட்டுகளைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் நீளவாக்கில் இப்படி ஒல்லியாக மடித்திருக்கிறார்களே, யார் இந்த மாதிரி மடிப்பார்கள் என்றார். எனக்கு அதில் ஒரு அதிசயமும் தெரியவில்லை. பணத்தை வேறு எப்படி மடிப்பார்களாம் என்று நினைத்துக்கொண்டு மேலே எண்ணினேன்.

அந்தப் பணத்தைக் காவலாளிக்குக் கூடுதல் சம்பளமாகக் கொடுத்து மதியத்தில் கதவைத் திறந்து வைத்தோம். மாதாமாதம் கவர் வந்தது, அதே சீட்டோடு. யாராக இருக்கும்? நானும் ஞாயிறுதோறும் பெட்டிப் பக்கம் போகிற ஒவ்வொரு கையையும் பார்த்தேன். ஜெபத்தில் கண்ணை மூடாத பொருளாளர் நான் ஒருத்திதான்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஞாயிறு பள்ளி அறையின் கூரை ஒழுக ஆரம்பித்தது. கமிட்டியில் இருக்கிற எலக்ட்ரிக் கடைக்காரர், பிள்ளைகள் தலையில் தண்ணீர் சொட்டுகிறது, நாம் ஆளில்லாத கோயிலுக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறோம், அந்தப் பணத்தைக் கூரைக்குத் திருப்பிவிடலாம் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், பெயர் போடாதவர் வந்து கணக்குக் கேட்கவா போகிறார் என்றாரே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. கேட்க வர மாட்டார் என்பதால்தான் நாம் இன்னும் ஒழுங்காக இருக்க வேண்டும், நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். கடைசியில் போதகர் ஒரு வழி சொன்னார். வரும் ஞாயிறு அறிவிப்புக் கொடுப்போம், கொடுத்தவர் சம்மதித்தால் ஒரு சீட்டுப் போடட்டும். அதற்குள் நான் ஒரு மதியம் போய் ஆள் வருகிறார்களா என்று பார்க்க வேண்டும். யாரும் வரவில்லையென்றால் கதவைப் பூட்டிவிட வேண்டியதுதான்.

போனேன். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கூரியர்க்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு நர்ஸ் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அங்கங்கே இன்னும் நாலைந்து பேர். அடடா, இத்தனை பேருக்கு இந்த இடம் தேவைப்படுகிறதா என்று பார்த்துக்கொண்டே தூண் பக்கம் வந்தேன். கடைசி பெஞ்சில் அப்பா.

தம்பி, நம் அப்பா. தான் கெஞ்சி வாங்கிக் கொடுத்த பஸ் கம்பெனி வேலையை நீ ஒரே மாதத்தில் விட்டுவிட்டுக் கிளம்பினாயே, அன்றைக்கு, இனி இந்த வீட்டில் அவன் பேரை எடுக்காதீர்கள் என்று சொன்ன அதே அப்பா. நான் நிற்பது அவருக்குத் தெரியாது. ஒட்டுக்கேட்டது தப்புத்தான், ஆனால் கால் நகரவில்லை. உன் பேரைச் சொன்னார். பிறகு, "அவன நல்லா வச்சிரு ஆண்டவரே. என் வாயையும் கொஞ்சம் திருத்து" என்றார்.

சத்தமில்லாமல் வெளியே வந்துவிட்டேன். வழியெல்லாம் அழுதேன். மறுநாள் காலையில் பால்காரருக்குக் கொடுக்க அப்பா சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து, நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் வைத்துக்கொண்டார். எத்தனை வருடம் கண்டக்டராக இருந்த கை! அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் வீட்டில் பணம் எப்படி இருக்குமோ அப்படியே எல்லோர் வீட்டிலும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்த மக்கு நான்.

இதற்குமேல் கோயில் விஷயம் எழுத மாட்டேன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நான் எதையும் சொல்லவில்லை, அதை ஞாபகம் வைத்துக்கொள்.

அறிவிப்புக்குப் பதில் வந்ததை மட்டும் சொல்லலாம், அது சபைக்கே தெரியும். அடுத்த ஞாயிறு பெட்டியில் இரண்டு கவர். ஒன்றில் கதவுக்கு மட்டும் என்றும், இன்னொன்றில் கூரைக்கு என்றும் சீட்டு இருந்தது. எலக்ட்ரிக் கடைக்காரர் கூரைச் சீட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு கூரைக்குத் தன் பங்கையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். கதவுப் பணம் இனி தனிக் கணக்கு.

இனி வீட்டுச் சேதி, கோயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அப்பாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், டாக்டரே சொல்லிவிட்டார். இதுவே போதும் என்கிறார். சாயங்கால டீக்கடையையும் விட்டுவிட்டார், கேட்டால் வயிறு சரியில்லையாம். நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

நீ வர வேண்டும் தம்பி. வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை, பார்த்துவிட்டுப் போ. முதலில் வீட்டுக்கு வராதே. ஆளுக்கொரு பக்கம் நாங்கள் பேசிக் காரியத்தைக் கெடுத்துவிடுவோம். ஒரு வார நாளாகப் பார்த்து, மதியத்தில் நேராகக் கோயிலுக்குப் போ. அவர் பக்கத்தில் உட்கார், போதும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா வந்து யாருக்கு என்று கேட்டார். உனக்கு என்றேன். உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "இவ்வளவு எழுதியிருக்க, ஒரு ஸ்டாம்ப் போதுமா?" என்றார். போதும் என்றேன். கேட்கவில்லை. கவரில் இரண்டு ஸ்டாம்ப் இருக்கும், கோணலாக இருப்பது அப்பா ஒட்டியது.

ஆண்டவர் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும் என்று இந்த வீட்டில் தினமும் கேட்கிறோம். எல்லோரும்தான்.

பாசத்துடன்,
அக்கா