உங்கள் அறையில் ஒரு தாய்ப்பூனை

உங்களுக்கு,

சாப்பிட்டீர்களா, உடம்பு எப்படி என்றெல்லாம் இம்முறை கேட்கப் போவதில்லை.

பிராணிகள் காப்பகம் என்னை நம்பித் தாயோடு கொடுத்த ஐந்து பூனைக்குட்டிகளை, ஊருக்குக் கிளம்பிய அன்று பெட்டியோடு தெருவில் வைத்துவிட்டுப் போனீர்கள். மழையில் நான்கை மட்டும் தாய்ப்பூனை ஒவ்வொன்றாகக் கவ்வி வந்து வாசலில் சேர்த்தது. ஐந்தாவதைப் பற்றி எழுத மாட்டேன்.

இப்போது அவை உங்கள் அறையில் இருக்கின்றன. தாய் என்னைத் தொடவிடுவதில்லை. தட்டை நகர்த்தினாலே சீறுகிறது. என் கை முழுக்கக் கீறல். நேற்றுதான் முதல்முறையாக நான் பக்கத்தில் இருக்கும்போதே சாப்பிட்டது. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கி உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் அக்கா வந்திருந்தார். "புருஷனா பூனையான்னு நீயே முடிவு பண்ணிக்கோ" என்றார்.

"பூனை அப்படியெல்லாம் கேக்கலையே அண்ணி" என்றேன். டீயைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆகும்வரை அந்த அறை அவற்றுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வாருங்கள், கூடத்தில் மெத்தை போட்டு வைக்கிறேன். வாசல் பூட்டை மாற்றிவிட்டேன், உங்கள் சாவி பொருந்தாது. மணி அடித்துவிட்டு நில்லுங்கள். அந்த ஐந்தாவது குட்டிக்காகக் கொஞ்சமாவது வருத்தம் உங்கள் முகத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திறப்பேன்.

இப்படிக்கு,
வீட்டில் இருப்பவள்