மைதானத்தில் தேடிய மாமிக்கு

என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய மாமி,

நாளை மறுநாள் உங்களுடைய அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் சடங்கு. அன்று வருகிற சனத்துக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகம் அச்சகத்தில் கிடக்கிறது. முன்பக்கத்தில் நீங்கள் முறைத்துப் பார்க்கிற அந்தப் படத்தைத்தான் போட்டோம். சிரித்த படம் ஒன்றும் அகப்படவில்லை. உள்ளே ஒரு பக்கத்தை எனக்கென்று ஒதுக்கிவிட்டு, "மாமியின்ர தியாகத்தைப் பற்றி மருமகன் எழுதினால்தான் சரி" என்று எல்லாரும் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். எழுதத்தான் உட்கார்ந்தேன். தியாகம் என்ற சொல்லை எழுதியதுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்கள் மேல் இல்லை, அந்தச் சொல்லின் மேல்.

ஊர் சொல்கிற கதை உங்களுக்குத் தெரியும். ஆமியின் சுற்றிவளைப்பில் பிடிபட்ட மருமகனை மீட்கப் போன கிழவி, கேட்க ஆளில்லாத யாரோ ஒரு பெடியனைத் தன் மருமகன் என்று சொல்லிக் கூட்டி வந்தாளாம். சொந்தத்தை விட்டு ஊரான் பிள்ளையைக் காப்பாற்றிய தெய்வமாம். செத்தவீட்டிலும் அதே கதைதான். உங்கள் ஒரே மகள் சரோ, ஒரு பக்கமாய் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஏன் அழவில்லை என்று யாரும் யோசிக்கவில்லை. அந்தக் கதையில் நீங்கள் என்னைக் கண்டும் விட்டுவிட்டு வந்தவர். அன்று நிறைமாதமாய்ப் படலையடியில் காத்து நின்றவளுக்கு அது தியாகமாகத் தெரியுமா?

உண்மை வேறு. அது சோற்றில் கல் கடிபடத் தொடங்கிய நாட்களிலேயே ஆரம்பித்துவிட்டது.

உங்களை ஏமாற்றி ஒரு பழுதான பாரைமீனை எங்கள் உவர்மலைக்குக் கொண்டுவந்து விற்றவர் யாரும் இல்லை. அப்படிப்பட்ட நீங்கள் குசினித் தட்டுக்கு முன்னால் நின்று உப்புப் போத்தலைத் தேடினீர்கள். அது நேர் எதிரே இருக்கும். நீங்கள் மற்றப் போத்தல்களை ஒவ்வொன்றாய்த் தடவிக்கொண்டு போவீர்கள். "பாம்பெண்டாக் கொத்தியிருக்குமம்மா!" என்று சரோ சிரிப்பாள். நீங்களும் சிரிப்பீர்கள், கொஞ்சம் பிந்தி. கண்ணாடிக்காரரிடம் போனோம். அவர் ஒவ்வோர் எழுத்தாய்க் காட்டக் காட்டக் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டீர்கள். "ஆச்சிக்கு என்னைவிட நல்ல பார்வை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஒருநாள் நீங்கள் அரிசி பொறுக்குவதைப் பார்த்தேன். சுளகில் ஒரு பிடி மட்டும் பரப்பி, அதிலும் பாதியை இடக்கையால் மூடி, மிச்சத்தை உற்றுப் பார்த்தீர்கள். பிறகு கையைக் கொஞ்சம் நகர்த்தினீர்கள். நான் பார்த்ததைக் கண்டதும், "என்னடா பார்வை? வேலைக்குப் போ" என்று கலைத்தீர்கள். உங்களுக்கு முதலே தெரிந்திருக்கிறது. எவ்வளவு காலமாகத் தெரியும் மாமி? யாரிடமும் சொல்லாமல் எத்தனை இரவு அதை நினைத்துக்கொண்டு படுத்திருந்தீர்கள்?

பிறகுதான் அந்தக் காலை. துறைமுகக் களஞ்சியத்தில் வேலைக்குப் புறப்பட்ட என்னையும், தெருவில் அகப்பட்ட எல்லா ஆம்பிளைகளையும் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக இருத்தினார்கள். தலையைக் குனிய வேண்டும், வாய் திறக்கக் கூடாது. அடையாள அட்டைகளை வாங்கி ஒரு மேசையில் குவித்துவிட்டார்கள். வெயில் ஏறிய பிறகு புதுக் கட்டளை வந்தது. வீட்டுக்கு ஒரு பெண் வந்து தன் ஆளைத் தொட்டுக் காட்டிக் கூட்டிக்கொண்டு போகலாம். காட்ட ஆளில்லாதவர்கள் லொறியில் ஏறவேண்டும். லொறியில் ஏறியவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்பது அந்த மைதானத்தில் எல்லாருக்கும் தெரியும்.

சரோவால் வர முடியாது. நீங்கள் குடையோடு வந்தீர்கள். உங்கள் செருப்பைக் கண்டதுமே எனக்கு உயிர் வந்துவிட்டது. மாமி என் அப்பாவின் தங்கை, நான் பிறந்த அன்றே என்னைத் தூக்கியவர், இனிப் பயமில்லை என்று நினைத்தேன்.

நீங்கள் எனக்கு நேரே வந்து நின்றீர்கள். கள்ளமாய் நிமிர்ந்து பார்த்தேன். உங்கள் பார்வை என் முகத்தில் பட்டது. உப்புப் போத்தலில் பட்டதுபோலப் பட்டு, அடுத்தவன் மேல் போனது. பின்னால் நின்ற ஆமிக்காரன் "இக்மன், இக்மன்" என்று அவசரப்படுத்திக் கத்தினான். என்னைத் தாண்டி இரண்டாவதாய் இருந்த பெடியனின் தலையில் கையை வைத்து, "இதுதான் என்ர மருமகன்" என்றீர்கள். அவனுக்கும் என்னைப்போல மெல்லிய மீசை. அவன் ஒரு கணம் உங்களைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தபடியால் விளங்கியிருக்க வேண்டும். "ஓம் மாமி" என்று சொல்லி எழும்பினான். மேசையில் தன் அட்டையைத் தானே பொறுக்கிக்கொண்டு உங்களோடு நடந்தான்.

நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் மூன்று பேருக்கும் ஆபத்து என்று பிறகுதான் யோசித்தேன். அந்த நேரம் வெறும் பயம், அவ்வளவுதான். என்னைப் பற்றியும் யாரும் தியாகம் என்று எழுதிவிட வேண்டாம்.

லொறி எங்களை ஏற்றிக்கொண்டு போன இடத்தைப் பற்றி இந்தப் புத்தகத்தில் எழுத ஏலாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். அடியைவிட எனக்கு வலித்தது ஒரே ஒரு கேள்விதான்: மாமி ஏன் என்னை விட்டுவிட்டுப் போனா?

ஒருநாள் என்னை வெளியே விட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது மகள் பிறந்திருந்தாள். சரோ என் காதுக்குள், "அம்மா உங்களைக் கண்டிட்டும் விட்டிட்டு வந்தவ. ஊர் கும்பிடட்டும், எனக்கு ஏலாது" என்றாள். அன்று பின்னேரம் நீங்கள் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டீர்கள்.

"தம்பி, நான் உன்னைத்தான் தேடினனான். அவ்வளவு பேருக்குள்ளை ஒரு முகமும் பிரிஞ்சு தெரியேல்லை. எல்லாம் ஒண்டாக் கலங்கிப் போச்சு. அவன் பின்னாலை நிண்டு கத்துறான். மீசையைக் கண்டனான், நீதான் எண்டு பிடிச்சிட்டன். றோட்டுக்கு வந்து பாத்தா ஆரோ பிள்ளை. திரும்பி ஓடினனான். ஒரு வீட்டுக்கு ஓராள்தான், போ எண்டு தள்ளிப்போட்டான். வாயைத் திறந்தா அந்தப் பிள்ளை போயிடும். திறக்காட்டி நீ போயிடுவாய். நான் என்னடா செய்யிறது?"

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "சரோவுக்குச் சொல்லாதை. அறளை பேந்திட்டுது, புத்தி தடுமாறிப்போச்சு எண்டு மூலையிலை இருத்திப்போடுவாள். குழந்தையை என்ர கையிலை தரமாட்டாள். அவளுக்குக் கோவமெண்டாக் கோவமாவே இருக்கட்டும். நான் கண்மூடுமட்டும் சொல்லாதை."

கண் காட்டப் போகிறோம் என்று சரோவுக்குச் சொல்லி உங்களைக் கண்டிக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் ஒரு தாள் நிறையச் சின்னச் சின்னப் படங்களைக் கொடுத்து, அதில் பறவைகளை மட்டும் தொடச் சொன்னார். பாதியை விட்டுவிட்டீர்கள். "கண்ணில் பிழையில்லை. பலதுக்குள்ளே வேண்டியதைப் பிரித்தெடுக்க மூளை கஷ்டப்படுகிறது. சாதாரண வயதுமறதியும் இல்லை, பெரிய நோயும் இல்லை, இரண்டுக்கும் நடுவில். அவசரப்படுத்தினால் இன்னும் மோசமாகும்" என்றார். அடுத்த நாள் சந்தைக்குப் போய் எனக்கொரு சட்டை வாங்கி வந்தீர்கள், செவ்விளநீர் போலப் பளிச்சென்ற செம்மஞ்சளில். "இனி இதைப் போட்டுக்கொண்டு போ. எத்தினை பேருக்குள்ளை இருந்தாலும் தெரியும்." துறைமுகத்தில் என்னை 'மிதவை வருது' என்று பகிடி பண்ணினார்கள். நான் போட்டுக்கொண்டுதான் போனேன்.

அந்தப் பெடியனின் தாய் வருடா வருடம் கிண்ணியாத் தயிர்ச்சட்டியோடு வந்து உங்கள் காலைத் தொடுவா. பெடியன் எப்போதோ வெளிநாடு போய்விட்டான். அவ தொடும்போதெல்லாம் நீங்கள் கூசிப்போய்க் காலை இழுத்துக்கொள்வீர்கள். சனம் அதையும் பணிவு என்றது. சரோ அந்தத் தயிரைத் தொட்டதில்லை. நேரத்துக்குச் சாப்பாடு தந்தாள், உடுப்புத் தோய்த்துத் தந்தாள், உங்களோடு கதைக்க மட்டும் மாட்டாள். ஆனால் குழந்தையைத் தந்தாள். உங்கள் மனசை நம்பாதவள் உங்கள் கையை நம்பினாள். நீங்கள் போட்ட கணக்குச் சரியாகத்தான் வந்தது. அதற்கு அவ்வளவு விலை கொடுத்திருக்க வேண்டுமா மாமி?

இன்று காலை சரோவிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் கேட்டது கண்மூடும்வரைதானே. அவள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை. பூ முடிந்து சிரட்டை சுரண்டுபடுகிற சத்தம் கேட்டது.

"அப்ப அம்மா உங்களை விட்டிட்டு வரேல்லையோ?"

"இல்லை. தேடினவ. காணேல்லை."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே. தெரிஞ்சிருந்தாலும் நான் பிள்ளையை அவவின்ர கையிலை குடுத்திருப்பனே."

கொடுத்திருப்பாளா? எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அதனால்தானோ என்னவோ, நீங்கள் போன பிறகு முதல்முறையாக, கையில் சிரட்டையோடு, "அம்மா" என்று வாய்விட்டு அழுதாள்.

இந்தப் பக்கத்தை வாசித்த பிறகும் அந்தியேட்டிப் பந்தியில் யாராவது தெய்வம், தியாகம் என்று தொடங்கினால் நான் எழும்பிச் சொல்வேன். அந்தத் தாய் வந்திருந்தால் அவவின் முன்னாலும் சொல்வேன். அவவின் மகன் உயிரோடிருக்கிறான், இதனால் அதில் ஒன்றும் குறையாது. என் மாமி என்னை விட்டுவிட்டு வந்தவ இல்லை. வெயிலில் நின்று, ஒவ்வொரு முகமாய், என்னைத் தேடினவ. இது உங்கள் மேல் ஆணை.

இப்படிக்கு,
நீங்கள் தேடி வந்த,
உங்கள் அண்ணன் மகனும் மருமகனுமான
தம்பி