எட்டு மணி மாத்திரை

சின்னவளின் அம்மாவுக்கு,

உன் முழங்கால் இப்போது படியேற விடுகிறதா? எனக்குக் கால் வீங்கி ஷூ ஏறாததால், கேம்ப் அறையில் பக்கத்துக் கட்டில் வெல்டரின் பெரிய செருப்பை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் எதிரிலேயே அது கழன்று அவர் மேஜைக்கு அடியில் ஓடிவிட்டது. குனிந்து எடுப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்துத்தான் நெஞ்சையும் சோதித்தார்.

பயப்படாதே. இதயம் சோர்ந்துவிட்டதாம், துடிப்பும் தாளம் தப்புகிறதாம். ரத்தம் உறைந்து மூளைக்குப் போகாமலிருக்க மாத்திரை வேண்டுமாம். அதில் இரண்டு வகை. பழையதற்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை. கீரையைக்கூட அளவு மாறாமல் சாப்பிட வேண்டும். சூப்பர்வைசர் அத்தனை லீவு தரமாட்டார். புதியதில் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் காலையும் இரவும் ஒரு வேளைகூட விடக் கூடாது. சட்டைப்பையில் சாவியை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடுகிறவன் நான். இருந்தும் புதியதையே கேட்டேன். எதைப் போட்டாலும் உளி பட்டால் ரத்தம் லேசில் நிற்காதாம். கையுறை வாங்கிவிட்டேன்.

எனக்கு ஓர் உதவி. தினமும் இரண்டு வேளையும், இங்கே மணி எட்டாகும்போது, ஊரில் ஒன்பதரைக்கு, ஒரு மிஸ்டு கால் கொடு. பேச வேண்டுமென்றில்லை. பேசினாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிறது. ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

“ஞாபகப்படுத்த ஆள் இருக்கா?” என்று டாக்டர் கேட்டார்.

“வீட்டுக்காரி இருக்கா சார். ஒரு வேளை தப்பினா தோலை உரிச்சிடுவா.”

“அப்ப சரி, புதுசே எழுதுறேன்,” என்று சிரித்தார்.

அந்த வீடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை.