மண்ணெண்ணெயில் ஓடிய மிசின்

அச்சுவேலி
ஆவணி, 1992

இஞ்சேருங்கோ,

எதிர்த்துக் கதைப்பது சின்னப்பிள்ளைக் குணம் என்று வாசல் படலையடியில் என்னிடம் சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் போனீர்கள். அந்தக் குணம்தான் உங்கள் வெங்காயத்தைக் காப்பாற்றியது.

பெற்றோல் கிடைக்காமல் தண்ணீர் இறைக்கும் மிசின் நின்றுவிட்டது. மண்ணெண்ணெயில் ஓட்டலாம் என்றேன். உங்கள் தங்கை தவமணி விடவில்லை.

"குளிர்ந்த மிசின் மண்ணெண்ணெயிலை ஸ்டார்ட் ஆகாது, மச்சாள்."

"அப்ப, சூடானால் ஓடும் எண்டுதானே சொல்லுறீர்?"

அவள் உள்ளே போய், போத்தலின் அடியில் மிஞ்சிக் கிடந்த பெற்றோலைக் கொண்டுவந்தாள். அதில் சில சொட்டு மிசினுக்கு விட்டுக் கயிற்றை இழுத்தோம். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம். புகை கண்ணைக் கரித்தது. ஆனால் வெங்காயத் தறை முழுக்க நனைந்தது.

அவள் "ஓம்" என்று தலையாட்டியிருந்தால் நான் வெறும் மண்ணெண்ணெயை ஊற்றி, கயிற்றை இழுத்து இழுத்தே களைத்திருப்பேன். இப்போது அயலார் எங்களிடம் இந்த வித்தையைப் பழக வருகிறார்கள்.

நீங்கள் போன பிறகு வீட்டில் மிசின் சத்தம் மட்டும்தான்.

ஆகவே நீங்கள் சொன்னது பிழை. இல்லை என்றால் மறுத்து எழுதுங்கள். தபால் ஒழுங்காகத்தான் வருகிறது. பக்கத்து வீட்டுக்கு நேற்றும் வந்தது.

இன்னும் விட்டுக்கொடுக்காத,
உங்கள் மனைவி