என் நிரைக்கு மட்டும் இரண்டு பிடி

கொடகவெல
14.09.2008

அன்பு மகள் விஜயகலாவுக்கு,

குவைத்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டு அம்மா எழுதுகிறேன். இங்கே எங்கள் உடம்புக்குக் குறைவில்லை, மனசுதான் சரியில்லை. தம்பி நிரோஷன் பள்ளிக்கூடம் போகிறான், எழுதச் சொன்னால் மட்டும் கை வலிக்கிறதாம்.

உரம் விலை ஏறினதிலிருந்து நம்ம ஏழாம் நம்பர் தேயிலை மலைக்குப் பாதி உரம்தான் வருகிறது, ரோட்டோர மலைகளுக்கு மட்டும் பழையபடி முழுசாகப் போகிறது. முழு உரம் போட்ட காலத்தில் மலை பூரா ஒரே மாதிரி துளிர்க்கும், இப்போது பள்ளத்துச் செடி ஒரு மாதிரி, கல்லு மேட்டுச் செடி மஞ்சள் பூத்து வேறு மாதிரி. ஆனால் கொழுந்து நிறுக்கும்போது எல்லா மலைக்கும் ஒரே கிலோதான் கேட்கிறார்கள், குறைந்தால் அரைப் பேர் போட்டு அரை நாள் சம்பளம்தான். என் நிரையும் சுப்பம்மா அத்தை நிரையும் அந்த மேட்டில் பக்கத்துப் பக்கத்தில்தானே இருக்கிறது. நான் அரைப் பேரோடு வருவதைப் பார்க்கப் பொறுக்காமல், உரம் தூவப் போன உங்க அப்பா அத்தை நிரைக்குப் போட வேண்டியதையும் சேர்த்து என் நிரைக்கு இரண்டு பிடியாகப் போட்டுவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மழையும் நேரத்துக்குப் பெய்தது, செடி பச்சைப் பசேலென்று கிளம்பிவிட்டது, நானும் மடச்சி, என் கைராசி என்று நினைத்துப் பறித்தேன்.

மேட்டுக்குக் கிலோவைக் குறைக்கச் சொல்லி எல்லாரும் கேட்டிருந்தோம். போன வாரம் மலை வேலையை மேற்பார்க்கிற பீல்ட் மாத்தயா வந்து, என்னைக் காட்டி, இதே மேட்டுல மருதாயிக்கு முடியுதுன்னா ஒங்களுக்கு ஏன் முடியல, இனிக் கிலோ கொறையாதுன்னு சொல்லிவிட்டார். எனக்குத் தலை நிமிரவில்லை. அப்போதுதான் பக்கத்து நிரையை உற்றுப் பார்த்தேன், வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டேன், ஒப்புக்கொண்டார்.

சண்டை போட்டேன், அழுதேன், பிறகு அத்தையிடம் போய்ச் சொன்னேன். அவளுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. அண்ணன் ஒனக்குப் போடாம வேற யாருக்குப் போடுவாரு, வெளிய சொல்லிப்புடாத, அவரு வேலை போயிரும் என்கிறாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் மகளே.

நாளைக் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு எல்லாரும் கூடி நிற்கும்போது மாத்தயாவிடம் நானே உள்ளதைச் சொல்லிவிடப் போகிறேன். இல்லாவிட்டால் மற்ற பெண்களுக்கு அரைப் பேர்தான் விதி என்றாகிவிடும். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் உர வாளியைக் கழுவி வாசலில் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

தெய்வம் உனக்குத் துணை இருக்கட்டும், வெயிலில் அலையாதே. போன் எடுத்தால் முதலில் அப்பாவோடு பேசு. உரத்தைப் பற்றிக் கேட்காதே, சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேள்.

உன் அம்மா
கா. மருதாயி